விழுந்தபின் தேடும் முகம்

கீழே விழுந்த குழந்தை உடனே அழுவதில்லை. முதலில் பார்க்கும். தரையில் பொத்தென்று உட்கார்ந்தபின், வாயைத் திறப்பதற்கு முன், ஒரு மூச்சு நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் அது பக்கத்தில் இருக்கிற யாராவது ஒருவரின் முகத்தைத் தேடும். அந்த முகம் பதறினால் அழும். அந்த முகம் சிரித்தால், தானும் சிரித்துவிடலாமா என்று யோசிக்கும். பிள்ளை வளர்த்த எல்லோருக்கும் இது தெரியும். எனக்கு அது தெரியவந்த விதம்தான் கொஞ்சம் கசப்பு.

எண்பதுகளின் கடைசி. மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில், மூன்று போர்ஷன் உள்ள வீட்டின் நடுப் போர்ஷனில் நாங்கள் குடியிருந்தோம். என் மகனுக்கு அப்போது பத்து மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவன் மர நாற்காலியைப் பிடித்து எழுந்து நின்றான். ஒரு கையை விட்டுப் பார்த்தான். இன்னொரு கையையும் விட்டுவிட்டு, பொத்தென்று விழுந்தான்.

நான் அவனுக்கு இரண்டடி தூரத்தில் இருந்தேன். பக்கத்துப் போர்ஷன் அக்கா வாசலுக்கு வெளியே கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. என் தோளுக்கு மேலாக, வாசலைத் தாண்டி, அக்காவைப் பார்த்தான். அக்கா கண்ணை அகல விரித்து, “டமால்!” என்றார். அவன் சிரித்தான். மறுபடி நாற்காலியைப் பிடித்து எழுந்தான்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. இன்றைக்கு அதைப் பொறாமை என்று சொல்ல முடிகிறது. அன்றைக்கு அது பெயரில்லாமல் வயிற்றில் இருந்தது. கீரைக்குப் பதிலாகக் காம்பைப் பாத்திரத்தில் போட்டுவிட்டுக் கீரையைக் குப்பையில் போட்டேன்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கலாம். கணவருக்குப் பம்மலில் தோல் பதனிடும் இடத்தில் வேலை. இரண்டு பெண்களும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபிறகு, பகல் முழுக்கத் தனியாக இருந்தார். எனக்குப் பிரசவ விடுப்பு முடியும் நாள் நெருங்கியபோது, பிள்ளையை யாரிடம் விடுவது என்று நான் அலைந்துகொண்டிருந்ததைப் பார்த்து அவராகவே கேட்டார். “என்னாண்ட வுட்டுட்டு போம்மா. வூடே வெறிச்சுன்னு கீது.” அவர் முகத்தில் எதுவும் மறையாது. கோபம் வந்தால் அது மூக்குக்கு வருமுன் எங்களுக்குத் தெரிந்துவிடும். பக்கத்து வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்லும்போது, அந்த வீட்டு மாமியார், மருமகள், நடுவில் மாட்டிக்கொண்ட மகன் ஆகிய மூன்று பேரின் முகமும் அவர் ஒருவர் முகத்திலேயே வந்து போகும். வாய் பேசுவதை நிறுத்தினாலும் முகம் பேசிக்கொண்டே இருக்கும்.

என் முகம் அப்படியில்லை. என் தொழில் அப்படி.

நான் மின்சார ரயிலில் டிக்கெட் பரிசோதகர். தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் நடுவே, பெண்கள் பெட்டியில் எனக்கு வேலை. சேர்ந்த புதிதில் ஒவ்வொருவரிடமும் “டிக்கெட், டிக்கெட்” என்று கேட்டுக் கேட்டுத் தொண்டை கட்டிக்கொண்டது. ஆறு மாதத்தில் ஒன்றைக் கண்டுபிடித்தேன். கேட்கவே வேண்டாம். எதிரில் போய் நின்று, முகத்தில் ஒன்றும் இல்லாமல், சும்மா பார்த்தால் போதும். டிக்கெட் வைத்திருப்பவள் என் கையைப் பார்ப்பாள். அவள் கை தானாகப் பைக்குள் போகும். டிக்கெட் இல்லாதவள் என் முகத்தைப் பார்ப்பாள். நான் கோபமாக இருக்கிறேனா, இரக்கப்படுவேனா, இறங்கச் சொல்வேனா, விட்டுவிடுவேனா என்று அதில் தேடுவாள். அங்கே எதுவும் கிடைக்காதபோது அவளுக்குத் தாங்காது. “நான் டிக்கெட் வாங்கத்தான் போனேன், க்யூல கூட்டம்...” என்று நான் கேட்காத கேள்விக்குப் பதில் வரும். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான்.

அந்த முகத்தை நான் கண்ணாடி முன் நின்று பழகினேன். புருவம் ஏறக் கூடாது. உதடு இறுகக் கூடாது. இறுகினால் கோபம் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். கண்ணைச் சிமிட்டலாம், ஆனால் மெதுவாக. கூட வேலை பார்த்தவர்கள் அதற்குக் ‘கல்லுமூஞ்சி’ என்று பெயர் வைத்தார்கள். நான் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டேன்.

ஒரு விஷயத்தை ஆராயத் தொடங்கிவிட்டால் என்னால் நிறுத்த முடியாது. பெரியவர்களைப் படித்து முடித்ததும் மடியில் இருக்கிற குழந்தைகளைக் கவனிக்க ஆரம்பித்தேன். பெரியவர்கள் ஒரு முகத்தைத் திருட்டுத்தனமாகத்தான் பார்க்கிறார்கள். ஒரு பார்வை, பிறகு ஜன்னல். இன்னொரு பார்வை, பிறகு செருப்பு. எதிரில் ஒருத்தி அழுதுகொண்டு வந்தால் மொத்தப் பெட்டியும் விளம்பரப் பலகைகளைப் படிக்கும். குழந்தைக்கு அந்த வெட்கம் கிடையாது. அழுகிறவளின் முகத்தை வைத்த கண் வாங்காமல், பல்லாவரத்திலிருந்து கிண்டி வரைக்கும் கூடப் பார்க்கும்.

என் மகன் பிறந்தபிறகு இந்த வேடிக்கை வீட்டுக்கும் வந்தது. நான்கு மாதத்தில் அவனுக்குச் சிரித்த முகம்தான் வேண்டும். காலண்டரில் சிரிக்கும் பாப்பா, சோப்பு அட்டையில் சிரிக்கும் பெண் என்று அதையே பார்த்துக்கொண்டிருப்பான். எட்டாம் மாதத்தில் மாறினான். மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் ஒரு சுவரில் பேய்ப் படப் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் கத்தியோடு ஒரு ஆள், இன்னொரு பக்கம் கண்ணைப் பிதுக்கிக்கொண்டு பயந்து நிற்கும் பெண். தெருவில் போன பெரியவர்கள் எல்லோரும் கத்தியைப் பார்த்தார்கள். என் இடுப்பிலிருந்த மகன் அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்தான். நான் நகர்ந்தபோது கழுத்தைத் திருப்பிப் பார்த்தான். சந்தேகம் தீர அன்றைக்கே மூன்று முறை அந்தச் சுவர்ப் பக்கம் நடந்தேன். மூன்று முறையும் அதே கண்தான். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. ‘எதற்காக இந்த அம்மாள் இப்படிப் பார்க்கிறாள், எனக்குத் தெரியாமல் இங்கே என்ன இருக்கிறது’ என்று விசாரிப்பதுபோல் இருந்தது. தக்காளி வாங்க மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இந்த ஆராய்ச்சியை வேலையிலும் பயன்படுத்தினேன். அங்கேதான் தப்பு நடந்தது. கைக்குழந்தையோடு இருக்கிற பெண்ணின் முன் நான் போய் நின்றால், குழந்தை முதலில் என்னைப் பார்க்கும். பிறகு நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்க்கும். சில குழந்தைகள் உடனே திரும்பி என் கோட்டுப் பொத்தானைப் பிடிக்க வரும். சில குழந்தைகள் திரும்பாது. அம்மா முகத்திலேயே ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிக்கொண்ட ஒரு குழந்தையின் அம்மாவிடம் டிக்கெட் இல்லை. இரண்டு நாள் கழித்து இன்னொருத்தி, அவளிடமும் இல்லை. மூன்றாவதும் சரியாக வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா பயப்படுகிறாள், குழந்தை அந்தப் பயத்தைப் பார்க்கிறது, ஆகவே குழந்தை அம்மாவையே பார்த்தால் டிக்கெட் இல்லை. இதுதான் என் சூத்திரம். கூட வேலை பார்த்தவர்கள் ‘பேபி செக்கிங்’ என்று கேலி செய்தார்கள். எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

இப்படிக் குழந்தைகளின் பார்வையை வைத்துப் பிழைத்த எனக்குத்தான், சொந்தப் பிள்ளையின் பார்வை கிடைக்கவில்லை.

அந்தக் கீரை ஞாயிற்றுக்குப் பிறகு நான் சோதித்துப் பார்த்தேன். மார்க்கெட்டில் ஒரு குரங்கு பொம்மை வாங்கிவந்தேன். சாவி கொடுத்தால் மேளம் அடித்துக்கொண்டு குதிக்கும். அவனைத் தரையில் உட்கார வைத்து, ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அக்கா. குரங்கை விட்டேன். அவன் திடுக்கிட்டான். இது விளையாட்டா, ஆபத்தா என்று கேட்க ஒரு முகம் தேவைப்பட்டது. அக்காவைப் பார்த்தான். அக்கா, “ஐ! கொரங்கு மோளம் அட்சிகினு வர்து பார்றா” என்றதும் அதைப் பிடிக்கப் போனான். அடுத்த வாரம் இடம் மாறி உட்கார்ந்தோம். அப்போதும் அக்காதான். மூன்றாவது முறை அக்காவை அவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் மட்டும் உட்கார்ந்தேன். அவன் என்னைப் பார்த்தான். என் மனசு குதித்தது. ஒரு கணம்தான். பிறகு கண்ணை எடுத்துவிட்டான். வாசலைப் பார்த்தான். அக்கா வரவில்லை என்றதும் அழ ஆரம்பித்தான்.

“நாள் பூரா அவங்ககிட்டதானே இருக்கான். இதுல என்ன இருக்கு?” என்றார் என் கணவர். அவருக்குக் கிண்டியில் தொழிற்சாலை வேலை. குழந்தை யாரைப் பார்த்தால் என்ன, கண் நன்றாகத் தெரிகிறதா என்பதுதான் அவர் கவலை. ஆனால் அவர் சொன்னது சரி என்றே எனக்கும் தோன்றியது. நேரம்தான் காரணம் என்றால் நேரத்தைக் கொடுத்துவிட வேண்டியதுதான். அந்த வாரமே வேலையை விடுவதாகக் கடிதம் எழுதினேன். தேதி மட்டும் போடவில்லை. மடித்துக் கறுப்புக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டேன். ஒன்பது வருடம் பார்த்த வேலை. அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு நான் நடந்தால் பிளாட்பாரமே வழிவிடும். அதை விடுவது எனக்குக் கை ஒன்றை வெட்டிக் கொடுப்பதுபோலத்தான் இருந்தது. ஆனாலும், விழுந்தால் என்னைத் தேடாத பிள்ளைக்கு நான் என்ன அம்மா என்ற கேள்வி அதைவிடப் பெரிதாக இருந்தது.

கடிதம் பையில் இருந்த நாட்களில்தான் அந்த மீன்காரப் பெண் என் எதிரில் வந்தாள்.

மதிய நேரம். கடற்கரைப் பக்கம் போகும் வண்டி. அவள் ஏதோ குப்பத்துக்காரி. காலையில் குரோம்பேட்டைப் பக்கம் மீன் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு திரும்பிக்கொண்டிருந்தாள். என்னைவிடச் சின்னவள். மடியில் எட்டு மாதம் மதிக்கத்தக்க பெண் குழந்தை, கன்னத்தில் பெரிய மைப்பொட்டு. நான் எதிரில் போய் நின்றேன். முகத்தைக் கல்லாக்கிக்கொண்டேன். குழந்தை என்னைப் பார்த்தது. நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தது. அங்கேயே ஒட்டிக்கொண்டது.

சரி, சிக்கிவிட்டாள் என்று நினைத்தேன். வழக்கம்போலக் காத்திருக்கக்கூட இல்லை. “அடுத்த ஸ்டேஷன்ல எறங்கும்மா” என்றேன்.

“இன்னாத்துக்கு?”

“டிக்கெட் இல்லாம வந்தா எறங்கித்தான் ஆகணும்.”

“டிக்கெட் இல்லன்னு ஒனக்கு யார் சொன்னா? நீ கேட்டியா? நா இல்லன்னு சொன்னனா?” இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து, அதிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட சீசன் டிக்கெட்டை எடுத்து என் மூக்குக்கு நேராக நீட்டினாள். “இந்தா, பட்ச்சிக்கோ. மாசம் பொறந்தா மொத வேல இத்த வாங்கறதுதான்.”

தேதி, ஊர், பெயர் எல்லாம் சரியாக இருந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆனால் என் சூத்திரம் பொய்த்ததை என்னால் தாங்க முடியவில்லை. அவளிடமே முட்டாள்தனமாகச் சொன்னேன்: “குழந்தை உன் மூஞ்சியையே பார்த்துச்சு. நீ பயந்துட்டேன்னு நெனச்சேன்.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். “நானா பயந்தேன்? கொயந்த பயந்துச்சு மேடம். ஒன் மூஞ்ச பாத்து. இன்னாடா இது, மூஞ்சி கீது, மூஞ்சில ஒண்ணியும் இல்லியேன்னு என்ன பாத்து கேக்குது அது.” பெட்டியில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் குழந்தையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு, கோபமில்லாமல், தெரிந்துகொள்வதற்காகவே கேட்டாள்: “ஒன் வூட்ல கொயந்த கீதா? அதுங்கிட்டயும் இந்த மூஞ்சிதானா?”

அடுத்த நிலையத்தில் நான்தான் இறங்கினேன்.

பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு வண்டிகளை விட்டேன். அவமானம் ஒரு வண்டியோடு போய்விட்டது. மிச்சம் இருந்தது யோசனைதான். குழந்தை அம்மாவைப் பார்த்தது உண்மை. ஆனால் அம்மாவிடம் என்ன இருந்தது என்பதற்காக அல்ல. என்னிடம் எதுவும் இல்லாததற்காக. டிக்கெட் வைத்திருந்த எத்தனை அம்மாக்களின் குழந்தைகள் அப்படியே ஒட்டிக்கொண்டன? அவர்கள் டிக்கெட்டைக் காட்டினார்கள், நான் நகர்ந்துவிட்டேன், அதோடு மறந்துவிட்டேன். பிடிபட்ட மூன்று பேரைத்தான் நினைவில் வைத்திருந்தேன். ஒன்பது வருடம் அடுத்தவர் முகத்தில் குற்றம் தேடியவளுக்கு, அந்தப் பெட்டியில் தன்னுடையதும் ஒரு முகம் என்பது நினைவில் இல்லை.

அன்று மாலை தாம்பரத்தில் இறங்கி வெளியே போகும்போது, எடை பார்க்கும் இயந்திரத்தின் முன் நின்றேன். கலர் விளக்கு சுற்றும், நடுவில் கண்ணாடி இருக்கும், காசு போட்டால் எடை அச்சடித்த அட்டை விழும். காசு போடவில்லை. கண்ணாடியைப் பார்த்தேன். வேலை முடிந்து அரைமணி நேரம் ஆகியிருந்தது. யாரையும் பரிசோதிக்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கப்போகிற சந்தோஷம் உள்ளே நிஜமாகவே இருந்தது. கண்ணாடியில் அது இல்லை. புருவம் அதனதன் இடத்தில், உதடு அதன் இடத்தில், கண் மெதுவாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. எனக்கே டிக்கெட்டை எடுத்துக் காட்டலாம்போல் இருந்தது.

வெளியே போய்விட்டு வந்தால் கால் கழுவாமல் பிள்ளையைத் தொடக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். தினமும் வாசல் குழாயில் கால் கழுவினேன், கை கழுவினேன், முகமும் கழுவினேன். அந்த முகத்தைக் கழற்ற வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. குரங்கு பொம்மையை விட்டபோதுகூட, அவன் யாரைப் பார்க்கிறான் என்று பரிசோதிக்கிற முகத்தோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். அவன் என்னிடம் வந்து கேட்டிருக்கிறான். பதில் கிடைக்காமல் வாசலைப் பார்த்திருக்கிறான். அன்று வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது அதை நினைத்து, அந்தக் குழாயடியிலேயே அழுகை வந்தது.

மறுநாளிலிருந்து சிரிக்க ஆரம்பித்தேன். வாசற்படியில் கால் வைக்கும்போதே பல்லைக் காட்டிக்கொண்டு நுழைந்தேன். என் மகன் என்னை அப்படி ஒரு பார்வை பார்த்தான், அந்தப் போஸ்டர் பெண்ணைக்கூட அப்படிப் பார்த்ததில்லை. கிட்ட வந்து என் பல்லில் விரலை வைத்தான். பிறகு என் கண்ணைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். “இன்னாம்மா ஆச்சு? பல்லு வலியா?”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மீன்காரப் பெண், சூத்திரம், எடை இயந்திரம், எல்லாம். கடிதத்தை மட்டும் சொல்லவில்லை. அக்காவுக்குக் குஷி பிறந்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் துண்டால் மூக்குக்குக் கீழே மூடிக்கொண்டு, கண் மட்டும் தெரிய அவன் முன் உட்கார்ந்தோம். முதலில் அக்கா துண்டுக்குள் சிரித்தார். அவனும் சிரித்தான். அடுத்து நான் துண்டுக்குள் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். அவன் காத்திருந்தான். நான் இன்னும் அகலமாகச் சிரித்தேன். அவன் இன்னும் காத்திருந்தான். அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது, பெரியவர்களை ஏமாற்ற வாய் போதும். இவனிடம் வாய்க்கணக்கு செல்லாது. அலுவலகத்தில் மேலதிகாரியிடம் வருடக்கணக்காக வாயால் மட்டும் சிரித்துக் காலம் தள்ளியிருக்கிறேன், அவருக்கு ஒரு நாளும் சந்தேகம் வரவில்லை.

அதற்குப்பின் நான் சிரிப்பைப் பழகுவதை விட்டுவிட்டேன். கல்லைத் தளர்த்துவதைத்தான் பழகினேன். அது பெரிய வேலையாக இருந்தது. பெட்டியில் வாயைத் திறந்து “டிக்கெட் காட்டுங்கம்மா” என்று பழையபடி கேட்க ஆரம்பித்தேன். பிடிபடுகிறவர்கள் குறைந்தார்கள், தொண்டை மறுபடி கட்டிக்கொண்டது. ‘கல்லுமூஞ்சி உருகிப்போச்சு’ என்று கூட வேலை பார்த்தவர்கள் பேசிக்கொண்டார்கள். அந்த மீன்காரப் பெண்ணை ஒருமுறை பார்த்தேன். நான் கேட்குமுன்னே சீசனை ஆட்டிக் காட்டினாள். குழந்தை என்னைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது, பிறகு என் கோட்டுப் பொத்தானுக்குக் கையை நீட்டியது. “இப்போ பரவால்ல மேடம்” என்றாள் அவள்.

வீட்டில் மட்டும் முன்னேற்றம் இல்லை. வாரங்கள் போயின. அவன் நடக்கவே ஆரம்பித்துவிட்டான். விழுந்தால் அக்கா. புது ஆள் வந்தால் அக்கா. குக்கர் விசில் அடித்தால் அக்கா. மாதம் மூன்றாகிவிட்டது, அடுத்த திங்கட்கிழமை கடிதத்தில் தேதியைப் போட்டுக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அதற்கு முந்தின சனிக்கிழமை. காலை ஷிஃப்ட் முடித்து மூன்று மணிக்கு வந்தேன். காம்பவுண்டுக் கதவைத் திறக்கும்போது அவன் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தான். அக்கா அவனுக்கு நாலடி பின்னால் நின்றார். கதவுச் சத்தம் கேட்டு அவன் வேகமாக நடந்தான், அந்த வயசில் வேகம் என்றால் விழுவதற்கு முந்தின நிலை. கால் ஈரத்தில் வழுக்கியது. முன்னால் சரிந்தான். கல்லின் விளிம்பு அவன் நெற்றிக்கு ஒரு விரற்கடை தள்ளி இருந்தது. நான் பார்த்தேன். தலை கல்லில் படவில்லை. உள்ளங்கையும் முட்டியும்தான் தரையில் அடித்தன.

வாயைத் திறக்குமுன் அந்த ஒரு மூச்சு நேரம் வந்தது.

அவன் திரும்பி அக்காவைப் பார்த்தான். அக்கா கண்ணை விரித்து, வாயைக் குவித்து, ‘டமால்’ சொல்லத் தயாராக இருந்தார். அவன் அங்கே நிற்கவில்லை. தலையைத் திருப்பி, நிமிர்ந்து, கதவருகே கறுப்புக் கோட்டோடு நின்ற என்னைப் பார்த்தான்.

என் முகத்தில் அப்போது என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் எதையும் வைக்கவில்லை. கையிலிருந்த பை விழுந்திருந்தது. அந்தக் கல் விளிம்பைப் பார்த்த பயம் அப்படியே இருந்திருக்க வேண்டும். அவன் அதைப் பார்த்தான், நம்பினான், ஓவென்று அழுதான். அழுதுகொண்டே இரண்டு கையையும் என்னை நோக்கித் தூக்கினான். கால் கழுவாமல் ஓடிப்போய்த் தூக்கினேன். “ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா” என்று சொல்லிக்கொண்டே நானும் அழுதேன். அவன் தலையை விலக்கி என் கண்ணைப் பார்த்து, இன்னும் பலமாக அழுதான். எனக்கு வந்த சந்தோஷத்தில் சிரிப்பும் வந்துவிட்டது. அவன் குழம்பிப்போய், அழுகையைப் பாதியில் நிறுத்தி, கன்னத்துக் கண்ணீரோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நீ ஏம்மா மூஞ்ச அப்டி வச்சிகினே? அதான் அயுவறான்” என்றார் அக்கா.

அவர் குரல் வழக்கம்போலத்தான் இருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். வாய் சிரித்துக்கொண்டிருந்தது. சொல்லாமல் போன ‘டமால்’ இன்னும் உதட்டில் நின்றது. கண் சிரிக்கவில்லை. எதிலும் எதையும் மறைக்கத் தெரியாத அந்த முகம், நான் பார்த்த காலத்தில் முதல்முறையாக எதையோ மறைத்துக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு வருடத்தில் இவனும் பள்ளிக்கூடம் போய்விடுவான், இப்போதே அம்மாவைத் தேட ஆரம்பித்துவிட்டான் என்று அந்தக் கண்ணில் இருந்தது. என் பிள்ளை அவர் முகத்தைப் பார்க்கிறான் என்று மூன்று மாதம் எரிந்த நான், அந்த முகத்தை ஒரு நாளும் ஒழுங்காகப் பார்த்ததில்லை.

கோட்டின் உள்பையில் கடிதம் நெஞ்சில் குத்தியது. அவன் எச்சிலிலும் கண்ணீரிலும் கோட்டு நனைந்திருந்தது.

“திங்கக்கிழம எனக்குக் காலை ஷிஃப்ட் அக்கா” என்றேன். “அஞ்சு மணிக்கே கொண்டாந்து விடணும். எழுந்திருப்பீங்களா?”

“எப்பவும் எயுந்துகினுதானே கீறேன்” என்றார் அக்கா. வாய்க்குப் பிறகு கண்ணும் சிரித்தது. என் மகன் அவரைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான், பிறகு கீழே இறக்கிவிடச் சொல்லி உதைத்தான்.